ஐ.டி. ஃபேனும் என் ரோமன் வகுப்பும்

கன்ட்ரோல் ரூம் மேஜையில் இருந்த டீ கிளாஸ் தானாக நகர ஆரம்பித்தபோதே ஏதோ சொதப்பல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை முடிந்து அப்போதுதான் ஐ.டி. ஃபேனை ஸ்டார்ட் செய்திருந்தோம். ஸ்பீடு ஏற ஏற ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொண்டது. டீ கிளாஸ் மேஜை ஓரம்வரை வந்து கீழே எட்டிப் பார்த்தது. மானிட்டரில் வைப்ரேஷன் சிவப்புக்குப் போக, ஃபேன் தானே டிரிப் ஆகி நின்றது. ஜி.எம். டீயைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சம்பத், ஃபேன் போட்டிருக்கீங்களா, கரகாட்டம் வச்சிருக்கீங்களா?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாதித்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. சொதப்பியதை எழுத ஆரம்பித்தேன், பேனா நிற்கவே மாட்டேன் என்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த சொதப்பல் இது.

1. ஃபேனும் அருள்தாஸும்

முதலில் ஃபேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபர்னஸில் கிளம்பும் புகையையும் தூளையும் உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்புவது ஐ.டி. ஃபேன், அதாவது இன்டியூஸ்டு டிராஃப்ட் ஃபேன். அது நின்றால் ஃபர்னஸ் நிற்க வேண்டும், ஃபர்னஸ் நின்றால் மொத்த ஆலையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் ஃபேனில் பன்னிரண்டு பிளேடு, அதாவது இறக்கை. தூள் உரசி பிளேடு தேயாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் லைனர் பிளேட் என்ற இரும்புத் தகட்டைப் போல்ட் போட்டு மாட்டியிருப்போம். தேய்ந்த பிளேட்டுகளைக் கழற்றி, மேலே வெல்டிங் ஏற்றி, திரும்ப மாட்டுவதுதான் ஷட்டவுனின் பெரிய வேலை.

இதில் ஒரு வம்பு உண்டு. வெல்டிங் ஏற்றி வரும் பிளேட்டுகள் ஒரே எடையில் வராது. அதனால் எடை போட்டு, எதிரெதிரே வரும் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி ஜோடி சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்து, அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும். இடம் மாறினால் ஃபேன் ஆடும். வாஷிங் மெஷினில் துணியெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் ஆடுமே, அந்த ஆட்டம்தான். என்ன, இந்த மெஷின் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும்.

அந்த ஷட்டவுனில் பிளேட் மாட்டும் வேலை முழுவதும் அருள்தாஸ் பொறுப்பு. கான்ட்ராக்டில் ஃபிட்டராக வந்தவன், வருடக்கணக்கில் கான்ட்ராக்டிலேயே கிடந்தான். பொன்னேரி பக்கம் ஊர். அவன் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து ஸ்பானர் பிடித்த முதல் கை அவனுடையது. எந்த போல்ட்டாக இருந்தாலும் தட்டிப் பார்த்தே இறுக்கமா, தளர்வா என்று சொல்லிவிடுவான்.

அவனுக்கு மீஞ்சூரில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் ஸ்டெல்லா. பெண்ணுக்குப் பிடித்திருந்தது, இவனுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் ஒரே கேள்வியில் நின்றார். ஷட்டவுனுக்கு முன்னால் அருள்தாஸ் என்னிடம் வந்து புலம்பினான்.

"மாப்ள கம்பெனியா, கான்ட்ராக்டான்னு கேக்குறாரு சார். கான்ட்ராக்ட்டுன்னா வேற எடம் பாக்குறேன்னுட்டாரு. ஞாயித்துக்கெழம பதில் சொல்லணும். ஒரே பேஜாரா கீது."

நான் அவனை ஜி.எம்.மிடம் கூட்டிப்போனேன். அவரும் மனுஷன்தான். "இந்த ஷட்டவுன் சுத்தமா முடியட்டும் சம்பத். ஃபேன் ஓடட்டும். உடனே கம்பெனி ரோல்ல எடுத்துக்கலாம்" என்றார். அருள்தாஸ் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை அணைக்க நானே ஊதப்போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

2. கேன்டீனில் ஒரு பேராசிரியர்

பிளேட் நம்பரை பெயிண்டில் எழுத முடியாது. அடுத்த ஷட்டவுன் வரை நிற்க வேண்டும், அந்தத் தூளில் பெயிண்ட் ஒரு வாரம் தாங்காது. நம்பர் பஞ்ச் வைத்து அடித்தால் வெல்டிங் ஏற்றிய பிளேட்டில் பல்லே இறங்காது. அதனால் முந்தைய ஷட்டவுனில் வெல்டிங் ராடாலேயே 6, 9 என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆறைக் கவிழ்த்துப் பிடித்தவன் ஒன்பது என்றான், ஒன்பதைக் கவிழ்த்துப் பிடித்தவன் ஆறு என்றான். நல்லவேளையாக மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம்.

இனி இந்தக் குழப்பமே வரக்கூடாது என்று நான் அவதாரம் எடுத்தேன். கிரைண்டரில் கட்டிங் வீலை மாட்டினால் எந்தப் பிளேட்டிலும் ஆழமாகக் கோடு போடலாம். ஆனால் நேர்கோடுதான் வரும், வளைவு வராது. நேர்கோடுகளாலேயே ஆன எண் எது? ரோமன்! எனக்கே என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நான் சும்மா முடிவெடுக்கிறவன் இல்லை, ஆராய்ச்சி செய்துதான் எடுப்பேன். ஒரு பேப்பரில் VI என்று எழுதிக் கவிழ்த்துப் பார்த்தேன். V தலைகுப்புற விழுந்து கிடந்தது. கண் உள்ள எவனுக்கும் கவிழ்ந்திருப்பது தெரியும், நிமிர்த்தி வைத்துப் படிப்பான். ஆறாம் எண் பிரச்சினை தீர்ந்தது. அத்தோடு ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டேன்.

மறுநாள் நாஷ்டா நேரத்தில் கேன்டீனில் வகுப்பு. ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் வடை. ஃபிட்டர்கள், வெல்டர்கள், ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர்கள், எல்லாரும் எதிரே.

"I ஒண்ணு. V அஞ்சு. X பத்து. L அம்பது. C நூறு. D ஐந்நூறு. M ஆயிரம்."

"சார், பிளேட்டு பன்னெண்டுதானே? ஆயிரத்துக்கு எங்க போறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அறிவு எங்க போனாலும் உதவும்யா" என்றேன். என்னை நிறுத்த ஆளில்லை.

"இடமிருந்து வலமாப் படிக்கணும். பெரிய எழுத்துக்குப் பின்னாடி சின்னது வந்தா கூட்டு. முன்னாடி வந்தா கழி. VI, அஞ்சும் ஒண்ணும் ஆறு. IV, அஞ்சுல ஒண்ணு போனா நாலு. XI பதினொண்ணு. IX ஒம்போது. XIV இன்னா? மொதல்ல பத்து. அப்புறம் அஞ்சுக்கு முன்னாடி ஒண்ணு நிக்குது, அது நாலு. மொத்தம் பதினாலு."

அருள்தாஸ் தலையைச் சொறிந்தான். "அதாவது சார், லைன்ல சூப்பர்வைசருக்குப் பின்னாடி ஹெல்பர் நின்னா ரெண்டு ஆளு. முன்னாடி போய் நின்னா, சூப்பர்வைசருக்கு மரியாத கொறைஞ்சிடுது. அதானே?"

கேன்டீனே சிரித்தது. நான் மூன்று போர்டு நிறைய விளக்கியது இவனுடைய ஒரே பேச்சில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. MCMXCIV என்று எழுதி, ஆயிரம், தொள்ளாயிரம், தொண்ணூறு, நாலு என்று பிரித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு என்று கூட்டிக் காட்டிவிட்டுத்தான் வடையைக் கடித்தேன். வடை ஆறிப்போயிருந்தது.

ஷட்டவுன் வந்தது. பிளேட்டுகளை எடை போட்டு ஜோடி சேர்த்ததும் நானே கிரைண்டரை வாங்கிக்கொண்டேன். ஓரத்தில் போட்டால் மறைந்துவிடும் என்று ஒவ்வொரு பிளேட்டின் நட்ட நடுவிலும் பெரிதாக வெட்டினேன். நாலு பக்கமும் ஒரே மாதிரியான போல்ட் ஓட்டைகள், நடுவில் என் கைவண்ணம். பிளேடுகள் வந்து சேரும் ஃபேனின் நடுக் குடமான ஹப்பில் அந்தந்த பிளேடுக்கு எதிரேயும் அதே எண்கள். ஃபோர்க் லிஃப்ட் பிளேட்டுகளை எடுத்துப் போய் ஃபேன் பக்கத்தில் குவித்தது. அருள்தாஸ் ஒவ்வொன்றாகப் படித்து, தூக்கி, மாட்டினான். போல்ட் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து "ஓகே சார்" என்றான். அப்புறம்தான் அந்த டீ கிளாஸ் நடந்தது.

3. பரீட்சை

ஃபேன் நின்றதும் ஃபேன் கூட்டுக்குள் ஆள் நுழையும் மேன்ஹோல் கதவைத் திறந்து, டார்ச்சோடு நானே உள்ளே போனேன். ஹப்பில் I, பிளேட்டிலும் I. II-க்கு II. இப்படியே சுற்றி வந்தேன். IX-க்கு IX, X-க்கு X, XI-க்கு XI. எல்லாம் பொருந்தியிருந்தது. வெளியே வந்து நெஞ்சை நிமிர்த்தி, "மார்க்கிங் பர்ஃபெக்ட் சார்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை யார் தலையில் போய் விழும் என்று நான் யோசிக்கவில்லை. மார்க்கிங் சரி என்றால், மாட்டியவன் கைதானே தப்பு?

"போல்ட் ஒழுங்கா டைட் பண்ணியிருக்க மாட்டான்" என்றார் ஜி.எம்.

எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கினோம். திரும்ப ஸ்டார்ட். திரும்ப ஆட்டம். இந்த முறை டீ கிளாஸை ஜி.எம். கையிலேயே வைத்திருந்தார். பேரிங் பார்த்தோம், ஃபவுண்டேஷன் பார்த்தோம், குறை ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபர்னஸ் பக்கம் ஆட்கள் சும்மா நின்றார்கள். ஜி.எம்.முக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். கடைசியில் அவர் வெடித்துவிட்டார்.

"இந்த ஆளையா ரோல்ல எடுக்கச் சொன்னீங்க? அவனுக்கு இந்த நம்பர் படிக்கத் தெரியுமான்னு மொதல்ல பாத்தீங்களா?"

அருள்தாஸ் கையைக் காட்டன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுக்கு எப்போதோ போய்விட்டது, அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ரோஷமும் வந்தது. என் வகுப்பில் படித்தவனுக்கா படிக்கத் தெரியாது?

"சார், உங்க எதிர்லயே கேக்குறேன்" என்றேன். சாக்பீஸ் எடுத்து, ஃபேன் பக்கத்துத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தேன். அருள்தாஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜி.எம். எங்களுக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

XIV என்று எழுதினேன்.

"பதினாலு சார்."

ஜி.எம். கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "ம்" என்றார்.

XIX.

"பத்தொம்பது."

"ம்."

பெருமை தாங்காமல் XL எழுதினேன்.

"அம்பதுல பத்து போனா நாப்பது" என்றான் அருள்தாஸ்.

"ம்" என்றார் ஜி.எம். கழுத்து நன்றாகவே சாய்ந்திருந்தது.

கடைசியாக, சுலபமாக இருக்கட்டும் என்று IX எழுதினேன்.

"ஒம்போது சார்."

"தப்பு!" ஜி.எம். கை தட்டியே விட்டார். "பதினொண்ணு! நான் கான்வென்ட்ல படிச்சவன்யா, எனக்குத் தெரியாதா? இதான் நான் சொன்னது! ஒம்போதுக்கும் பதினொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மாட்டுனா ஃபேன் ஆடாம இன்னா பண்ணும்?"

அருள்தாஸ் என்னைப் பார்த்தான். அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், எழுதினவனே நான்தானே. ஆனால் ஜி.எம்.மிடம், அதுவும் அத்தனை பேர் எதிரே, "நீங்க தப்பு சார்" என்று சொல்லும் துணிச்சல் என் சர்வீஸில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்த மாதிரி நேரத்துக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். எழுந்து மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்று, அவரோடு சேர்ந்து பார்ப்பதுபோல் பார்த்து, "ஒருவேளை இப்படியும் இருக்கலாம் சார்" என்று இழுப்பேன். அன்றும் அதற்காகத்தான் சுற்றிப் போனேன்.

அவர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தேன். என் சாக்பீஸ், என் கையெழுத்து. XI. தெளிவாக, அழகாக, பதினொன்று.

நான் திரும்பவும் இந்தப் பக்கம் ஓடிவந்து பார்த்தேன். ஒன்பது. அந்தப் பக்கம் ஓடினேன். பதினொன்று. "சம்பத், உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று ஜி.எம். பயந்தே போனார்.

ஆறைக் கவிழ்த்துப் பார்த்த மகா ஆராய்ச்சியாளன், ஒன்பதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. IV, VI, VII, VIII எல்லாம் கவிழ்த்தால் V காட்டிக்கொடுத்துவிடும். XII-ஐக் கவிழ்த்தால் IIX, அப்படி ஓர் எண்ணே கிடையாது. இந்தப் பன்னிரண்டில் கவிழ்த்தால் வேறொரு நல்ல எண்ணாக மாறி நிற்பவை IX, XI இரண்டே இரண்டுதான். குவியலில் தலைமாறிக் கிடந்த என் பதினொன்றை அருள்தாஸ் ஒன்பது என்று சரியாகத்தான் படித்திருக்கிறான். ஒன்பதும் அதேபோல் பதினொன்றாகப் போயிருக்கிறது. மாட்டிய பிறகு ஹப்பில் இருந்த எண்ணோடு அழகாகப் பொருந்தியும் நின்றிருக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்து பர்ஃபெக்ட் என்று நான் சொன்னது அந்த அழகைத்தான்.

இரண்டு பிளேட்டையும் இறக்கி எடை போட்டோம். மூன்றாம் பிளேட்டுக்கு எதிரே நான் ஜோடி வைத்தது கனமான பிளேட். அங்கே மாட்டியிருந்ததோ இளைத்தது. சந்தேகமே இல்லை.

ஜி.எம். என்னைப் பார்த்தார். "சரி. அப்போ நான் படிச்சது சரியா, தப்பா?"

"நீங்க நின்ன எடத்துலேர்ந்து நூத்துக்கு நூறு சரி சார்."

"அவன் படிச்சது?"

"அவன் உக்காந்த எடத்துலேர்ந்து அதுவும் சரி சார்."

"அப்போ தப்பு யாருது?"

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "எழுதினவனுது சார்."

அருள்தாஸ்தான் என்னைக் காப்பாற்றினான். "விடுங்க சார். ரோமாபுரிக்காரன் எவன் ஐ.டி. ஃபேன் கழட்டினான்? அவனுக்கு இன்னா தெரியும்?"

ஜி.எம்.முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தபிறகு எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் லேட்டாகச் சிரித்தேன்.

பிளேட்டுகளை மாற்றி மாட்டி ஃபேனை ஸ்டார்ட் செய்தோம். ஜி.எம். புதிதாக ஒரு டீ வாங்கிவரச் சொல்லி மேஜையின் நடுவில் வைத்தார். ஸ்பீடு ஏறியது. நாங்கள் எல்லாரும் மானிட்டரைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டீயின் மேல் மெல்லிய வட்டம் ஒன்று வந்தது, அடங்கியது. கிளாஸ் இருந்த இடத்தில் இருந்தது.

ஜி.எம். அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அருள்தாஸ் பேப்பரை எச்.ஆர்.க்கு அனுப்புங்க சம்பத். அப்புறம், நீங்க இனிமே கேன்டீன்ல வடை மட்டும் சாப்புடுங்க."

அருள்தாஸ் அங்கேயே நின்று ஸ்டெல்லாவின் அப்பாவுக்குப் போன் போட்டான். "மாமா, கம்பெனி" என்றான். போனை வைத்துவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

4. கோடு

அன்று முதல் எங்கள் ஆலையில் பிளேட்டில் எண் வெட்டினால், அடியில் ஒரு நீளக் கோடும் வெட்ட வேண்டும். கோடு கீழே இருக்கும்படி பிடித்துத்தான் படிக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைகளே, இதிலிருந்து நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: நீங்கள் எழுதுவது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் சரியாக இருந்தால் போதாது. எதிரே நிற்பவனுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நடை சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு ஜி.எம். திட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

நான் ரிட்டயர் ஆனபோது பசங்கள் எனக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு பரிசாகக் கொடுத்தார்கள். மணவாள நகரில் என் வீட்டுக் கதவு எண் பதினொன்று. அருள்தாஸ் தன் கையாலேயே கிரைண்டர் வைத்து XI வெட்டி, அடியில் கோடும் போட்டு, பாலிஷ் பிடித்திருந்தான். மேலும் கீழும் ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி. ஆயுள் முழுக்க மெயின்டனன்ஸ் பார்த்தவன், ஒரு தகடு மாட்ட ஆள் கூப்பிடுவேனா? பழைய நம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, நானே மாட்டினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸ் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். வாசலுக்கு வந்தும் உள்ளே வரவில்லை, போன்தான் வந்தது.

"சார், தெரு மூலையிலேர்ந்து நம்பர் தேடிக்கினே வர்றோம். ஒம்போதாம் நம்பர் ஊட்டு வாசல்ல நிக்கிறோம். உங்க ஊடு எது?"

"அதுக்கு ரெண்டு வீடு தள்ளி வாய்யா" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன். எதிரே அவர்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அருள்தாஸ் என்னைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான்.

"சார், கோடு மேல கீது."

பக்கத்தில் ஸ்டெல்லா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவருதான் உங்களுக்கு ரோமன் நம்பர் சொல்லிக் குடுத்தவரா?"

ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வருகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன்.